துரை வண்டியும் குனிஞ்ச வண்டியும்

ஆங்கிலம் என் காதில் சரியாக விழாததால்தான் என் தொழில் எனக்குச் சரியாக வந்தது. இதைச் சொன்னால் எங்கள் கராஜில் இப்போது வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நானும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறவன்தான்.

முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்ததால் இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். ஆனாலும் பதுளைக்கு மரக்கறி வாங்கப் போகிற நாளில் கால் தானாகக் கராஜ் பக்கம் திரும்பிவிடும். போன மாதம் அப்படிப் போனபோது, இப்போது அங்கே மூத்த மெக்கானிக்காக இருக்கிற ரமேஷ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தான். அன்று காலையில்தான் ஒரு வங்கி உத்தியோகத்தர், வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பைக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி ஆட்டோவில் ஏறிப் போயிருந்தார்.

"பாஸ், இந்த ஸ்போர்ட் பைக்குக்கும் ஸ்போர்ட் டூரிங் பைக்குக்கும் என்னதான் வித்தியாசம்? எல்லாரும் வாங்கிட்டு வந்த பொறகுதான் நம்மகிட்ட கேக்கறாங்க. போன்ல தேடுனா ஆளுக்கொண்ணு சொல்லுது," என்றான்.

"ஒண்ணு கொழுந்தெடுக்கும். இன்னொண்ணு மேற்பார்க்கும்," என்றேன்.

கராஜே சிரித்தது. எங்கள் பக்கம் மெக்கானிக்கை 'பாஸ்' என்பார்கள். பாஸ் சொன்னது விளங்காவிட்டாலும் சிரித்து வைப்பது ஒரு மரியாதை. "வெளங்கலையே பாஸ், எழுதித்தான் குடுங்களேன்," என்று கேட்டான் ரமேஷ். அதனால் எழுதுகிறேன்.

நான் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவன். அம்மா மலையில் கொழுந்தெடுத்தார், அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. பதினெட்டு வயது முடிந்ததும் பதுளையில் ஹமீது முதலாளியின் மோட்டார் சைக்கிள் கராஜில் சேர்ந்தேன். முதல் ஒன்றரை வருடம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், டயர் கழற்றினேன், திட்டு வாங்கினேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. கையெழுத்து மட்டும் நன்றாக இருந்ததால் வேலைக் கொப்பியை என்னிடம் தந்தார்கள். என்ன வண்டி, யாருடையது, என்ன கோளாறு என்று அதில் எழுத வேண்டும்.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய வண்டியைப் போல ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. முன்னால் காற்றைத் தடுக்க உயரமான கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, அகலமான சீட். செயின் தொய்ந்துவிட்டது, இறுக்க வேண்டும் என்றார். "என்ன வண்டிங்க?" என்று கேட்டேன். "ஸ்போர்ட் டூரர்," என்றார். என் காதில் விழுந்தது 'ஸ்போர்ட் துரை'. அப்படியே எழுதினேன்: ஸ்போர்ட் துரை வண்டி, செயின் இறுக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் சந்தேகமே வராது. தோட்டத்தை நிர்வாகம் செய்கிறவர் பெரிய துரை, அவருக்குக் கீழே சின்ன துரை. வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலம் ஆகியும் நாற்காலிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கள் சின்ன துரை மோட்டார் சைக்கிளில்தான் மலை சுற்றுவார். நிமிர்ந்து உட்கார்ந்து, தேயிலைச் செடிகளுக்கு மேலாகத் தலையைத் திருப்பித் திருப்பி, யார் எந்த நிரையில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவார். கொழும்புக்காரரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஆகவே இது துரைமாருக்கென்றே செய்த வண்டி என்று முடிவு கட்டிவிட்டேன். பெட்டி இரண்டும் ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோல் புத்தகம் வைக்க என்றும் நானே சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படியே எழுதினேன். முதலாளி தினமும் கொப்பியைப் பார்க்கிறவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் ஒரு வாடிக்கையாளர் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாரு எழுதினது, டூரிங்குன்னா பிரயாணம்ப்பா," என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. முதலாளி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க? அவன் எழுதினதில என்ன பிழை ஈக்குது? ஏறி உக்காந்து பாருங்க. துரை மாதிரி ஈக்குதா இல்லையா, செல்லுங்க!"

சொல்வதைச் 'செல்' என்பதும் இருப்பதை 'ஈக்குது' என்பதும் முதலாளி வீட்டுப் பேச்சு. அந்த ஆள் ஏறி உட்கார்ந்தார், முதுகு நிமிர்ந்தது, சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து எங்கள் கராஜில் டூரிங் வண்டிக்குத் துரை வண்டி என்றே பெயர். அப்படியென்றால் ஸ்போர்ட் வண்டிக்கு என்ன பெயர்? அதில் ஏறினால், கொழுந்தெடுக்கிறவர்கள் செடிக்கு மேல் வளைந்து நிற்கிற மாதிரி குனிய வேண்டும். அது குனிஞ்ச வண்டி.

முதலாளிக்கு வண்டியைப் பார்க்கிற முறை ஒன்று இருந்தது. வந்ததும் வண்டியைத் தொடமாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்தக்காரரை ஏறி உட்காரச் சொல்வார். பிறகு இடது பக்கம் வந்து நின்று, "கைய எடுங்க," என்பார். ஹேண்டிலிலிருந்து கையை எடுத்ததும் ஆள் முன்னால் சரிந்தால், உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது என்று அர்த்தம். சரியாமல் இருந்தால் பாரம் சீட்டில் இருக்கிறது. அடுத்து முழங்காலைப் பார்ப்பார். குனிஞ்ச வண்டியில் மிதி உயரத்தில், பின்னுக்குத் தள்ளி இருக்கும், முழங்கால் கூராக மடியும். துரை வண்டியில் மிதி கீழே, கால் நாற்காலியில் இருப்பதைப் போலத் தொங்கும். கடைசியாகப் பின் சீட்டை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "இதில யாரு ஏறுவாங்க?" என்று கேட்பார். குனிஞ்ச வண்டியின் பின் சீட் ஒரு பலகைத் துண்டு அளவுதான். அதில் மனைவியை ஏற்றிக்கொண்டு கதிர்காமம் போய் வந்த ஒருவர், திரும்பும்போது மனைவியைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டுத் தனியாக வந்தார்.

எஞ்சினும் வேறு மாதிரி. குனிஞ்ச வண்டிக்குச் சுற்று ஏற ஏறத்தான் வீரம் வரும். மெதுவான ஏற்றத்தில் கிளச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். துரை வண்டி கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும், டேங்க் பெரிது, ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும், நீளமும் கொஞ்சம் கூட. நாள் முழுக்க ஓடலாம். அதற்காகக் குனிஞ்ச வண்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீளம் குறைவு, முன் ஃபோர்க் செங்குத்து, அதனால் நினைத்த இடத்தில் திரும்பும். நல்ல தார் ரோட்டில், ஹாலிஎலை வளைவுகளில் ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுபோன நாட்களில் எனக்குப் பாட்டே வந்துவிடும். அந்தச் சந்தோஷத்தை எந்தத் துரை வண்டியும் எனக்குத் தந்ததில்லை.

இனி, என்னைத் தூக்கிப் போட்ட ஒரு வேலையைச் சொல்கிறேன். அப்போது நான் பதினைந்து வருட அனுபவமுள்ள மெக்கானிக். தலைக்கனமும் அதே வயதில் இருந்தது.

யோகராணி டீச்சர் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர். ஹல்துமுல்லையில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தார். பஸ்ஸில் போனால் மூன்று பஸ் மாற வேண்டும், முதல் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். கட்டாருக்கு வேலைக்குப் போன அண்ணன் தன் குனிஞ்ச வண்டியை வீட்டில் விட்டுப் போயிருந்தார். டீச்சர் அதை எடுத்து ஓட்டத் தொடங்கிவிட்டார். பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை என்று போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது கிலோமீட்டர். சேலையைப் பையில் வைத்துக்கொண்டு களிசான் போட்டு ஓட்டுவார். ஊர் வாய் என்னென்னமோ சொன்னது. அவர் காதில் ஹெல்மட் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் கராஜுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

"அண்ணே, விரல் மரத்துப் போகுது. மொத பாடத்துல சோக்குக் கட்டி பிடிக்க முடியல, கீழ விழுந்துருது. டாக்டர் வண்டிய விடச் சொல்லிட்டாரு."

"ஒரு ஸ்கூட்டி எடுத்துக்கலாமே டீச்சர்?"

"எடுக்கலாம். ஆனா எனக்கு இந்த வண்டிதாண்ணே பிடிச்சிருக்கு," என்று வெட்கமில்லாமல் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னார். பதுளைக்கு இடமாற்றம் வந்திருந்தது. மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பாடசாலையில் முதன்முதலாகப் பதினொரு பிள்ளைகள் டிசம்பரில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறார்கள். அவர் போய்விட்டால் கணிதத்துக்கு ஆள் இல்லை. "கை சரியானா இருப்பேன். இல்லாட்டி போயிருவேன். இத துரை வண்டியாக்கித் தாங்கண்ணே," என்றார். எங்கள் கராஜ் வைத்த பெயர் அவர்வரை போயிருந்தது.

முதலாளி தலையை ஆட்டினார். "குனிஞ்ச வண்டியத் துரையாக்க ஏலாது பிள்ள. வேணுமெண்டா குனியிறதக் கொஞ்சம் கொறைக்கலாம். நான் வெலிமடைக்கு ஒரு கலியாணத்துக்குப் போறேன், திங்கக்கிழம வந்து பாக்குறேன்." என்னிடம், "கைய வெக்காத மகன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கை வைத்தேன். பதினொரு பிள்ளைகள் என்று கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானும் கணித வாத்தியார் இல்லாத தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன், கணக்கில் கோட்டை விட்டுத்தான் கராஜுக்கு வந்தேன். இரண்டு பக்கமும் தனித்தனியாக இருந்த தாழ்ந்த ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, விழுந்து உடைந்த ஒரு துரை வண்டியின் உயர்ந்த ஹேண்டிலைப் பூட்டினேன். ஆக்சிலேட்டர் கேபிளை வேறு வழியாக விட்டேன், சரியாக எட்டியது. பிரேக் ஹோஸும் எட்டியது. திங்கட்கிழமை பாடசாலை விடுமுறை. டீச்சர் வந்து ஏறி உட்கார்ந்தார். கையை எடுக்கச் சொன்னேன், சரியவில்லை. எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொள்ளாத குறைதான். "ஹாலிஎலை வரைக்கும் போய்ட்டு வாங்க," என்று அனுப்பினேன்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்தார். கழற்றிய ஹேண்டில் மேசையில் கிடந்ததைப் பார்த்தார். வாசலிலேயே காத்து நின்றார். டீச்சர் முகமெல்லாம் பல்லாக வந்து இறங்கினார்.

"அருமையா இருக்குண்ணே! கையே வலிக்கல. ஹாலிஎலையில திருப்பும்போது வண்டி தானாவே ஒரு உறுமு உறுமி முன்னுக்குப் போச்சு, என்ன சக்தி!"

வண்டி தானாக உறுமக் கூடாது. முதலாளி எஞ்சினை ஓடவிட்டார். ஹேண்டிலை நேராகப் பிடித்தார், சத்தம் சீராக இருந்தது. வலது பக்கம் முழுக்கத் திருப்பினார், அப்போதும் சீர்தான். இடது பக்கம் முழுக்கத் திருப்பினார். ஆக்சிலேட்டரில் யார் கையும் இல்லாமலே எஞ்சின் அலறியது. கேபிள் நீளம் போதாமல் தானாக இழுபட்டிருந்தது. பிரேக் ஹோஸ் துணி காயப்போடுகிற கயிறு மாதிரி விறைத்து நின்றது. நான் ஹேண்டிலை நேராக வைத்தே பார்த்திருக்கிறேன். ஒரு தரம் முழுக்கத் திருப்பிப் பார்க்கவில்லை.

"பெரகல எறக்கத்தில இடப்பக்கம் ஒடிச்சுத் திருப்பினா என்ன நடக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தானா ஓடும் முதலாளி." அந்த வளைவுக்குக் கீழே பாதாளம்தான் என்று பதுளைக்காரன் எவனுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"டீச்சருக்கு நீயே செல்லு."

அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். டீச்சரிடம் போய், அது சக்தி இல்லை, என் பிழை, இந்த வண்டியில் உங்களை அனுப்பியதே தப்பு என்று சொன்னேன். தலை நிமிர முடியவில்லை. அவர் மேசையில் கிடந்த பழைய ஹேண்டிலை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "அப்ப நான் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டுரவாண்ணே?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மூணு நாள் தாங்க," என்றார் முதலாளி.

பழைய ஹேண்டிலைத் திரும்பப் பூட்டினோம். இந்த முறை முதலில் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்துக்கொண்டு, கேபிளும் ஹோஸும் எவ்வளவு தளர்வு தருகின்றன என்று அளந்தோம். ஓர் அங்குலம். அதற்கு மேல் ஒரு நூலும் இல்லை. கடைவீதியில் லேத் வைத்திருந்தவரிடம் ஓர் அங்குலக் கட்டை இரண்டு கடைந்து வாங்கி, ஹேண்டிலை அவ்வளவே உயர்த்தினோம். சீட்டின் முன் சரிவை நிரவி, ஆள் டேங்கின் மேல் வழுக்காமல் செய்தோம். டேங்கின் இரு பக்கமும் முழங்கால் பிடிக்க ரப்பர் ஒட்டினோம். பின் சில்லின் பல்சக்கரத்தை இரண்டு பல் பெரிதாக மாற்றியதால் ஏற்றத்தில் கிளச் வேலை குறைந்தது. இடது கைக்கு அது பெரிய விடுதலை.

வியாழக்கிழமை பாடசாலை விட்டு டீச்சர் வந்தார். ஏறி உட்கார்ந்தார், கையை எடுத்தார், சரிந்தார். முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் சரிந்தார். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "வண்டியில செய்யக் கூடியது இவ்வளவுதான் பிள்ள."

அந்த நேரத்தில்தான் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால் பின்னேரம்வரை அம்மா குனிந்துதான் நிற்பார். ஆனால் ஒருநாளும் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னதில்லை.

"டீச்சர், உங்க அம்மாவும் கொழுந்தெடுத்தவங்கதானே?"

"ஆமாண்ணே."

"குனியும்போது கைய எங்கயாச்சும் ஊணுவாங்களா?"

"கைய எங்க ஊண்றது? ரெண்டு கையும்தான் கொழுந்து கிள்ளுதே. கால அகட்டி வச்சு, இடுப்புலதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு முழங்கால் இரண்டையும் டேங்கோடு இறுக்கினார், இடுப்பிலிருந்து குனிந்தார், இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்துக் காற்றில் கொழுந்து கிள்ளினார். கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் இல்லாத கூடையில் போட்டார். உடம்பு ஓர் அங்குலம்கூடச் சரியவில்லை.

கராஜில் எல்லோரும் கைதட்டினார்கள். ஹமீது முதலாளி மட்டும் தட்டவில்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்து என் தோளில் வைத்து, "இது எனக்குத் தெரியாது மகன்," என்றார். அவர் எனக்குத் தந்த ஒரே பாராட்டு அதுதான். அன்று எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

போகும்போது முதலாளி ஒரு சட்டமும் போட்டார்: பண்டாரவளையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கையை உதறி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இரண்டு வாரத்தில் சோக்குக் கட்டி விழுவது நின்றது. மாத முடிவில் டீச்சர் மாற்றம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். கடிதத்தைப் போடுவதற்கு முன் கராஜுக்குக் கொண்டுவந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். டிசம்பரில் பதினொரு பேரும் பரீட்சை எழுதினார்கள்.

முதலாளி இப்போது வெலிமடையில் மகள் வீட்டில் இருக்கிறார். லீக்ஸ் மரக்கறி ஏற்றி வருகிற லொறிகளின் சத்தத்தை வீட்டுக்குள் இருந்தே கேட்டு நோய் சொல்கிறாராம். டிரைவர்மார் பயத்தில் வேறு பாதையால் போகிறார்கள் என்று கேள்வி.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் கடைசியாக ஒரு வண்டி வந்தது. உயர்ந்த கண்ணாடி, பக்கத்துக்கு ஒரு பெட்டி, சில்லெல்லாம் தோட்டத்துச் செம்மண். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். காக்கிக் களிசான், தொப்பி. பார்த்தவுடன் தெரிந்தது, ஏதோ தோட்டத்துச் சின்ன துரை. நான் எழுந்து நின்றேன், பழக்கம் விடுமா?

"உக்காருங்க பாஸ்," என்றார், எங்கள் லயத்துத் தமிழில். "யோகராணி டீச்சர் உங்களத்தான் பாக்கச் சொன்னாங்க. நான் அவங்களோட மொத செட்டு. பதினொரு பேர்ல ஒருத்தன்."

"உங்க அம்மா...?"

"கொழுந்தெடுத்தாங்க. நான் இப்ப வேல பாக்கற தோட்டத்துலதான். வண்டிக்குச் செயின் தொஞ்சிருக்கு பாஸ், இறுக்கணும்."

வேலைக் கொப்பியை நானே எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பழைய கையெழுத்தில் மெதுவாக எழுதினேன்: ஸ்போர்ட் துரை வண்டி, செயின் இறுக்க வேண்டும்.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாஸ், டூரிங்ன்னு வரணும். எழுத்துப் பிழை இருக்கு."

"இல்லீங்க துரை," என்றேன். "இத்தன வருஷமாப் பிழையாத்தான் எழுதிட்டு இருந்தேன். இன்னிக்கித்தான் சரியா வந்திருக்கு."